வாடகைப் பேரேட்டுக்கு முதலில் தெரிந்தது: வீடிழந்த ஒரு குடும்பத்தின் 18 மாதங்கள்

ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் காப்பகத்திலிருந்து நிரந்தர வீட்டுக்குப் போனது. வீடு கிடைத்த ஐந்தாம் மாதத்திலேயே அதை மறுபடி இழக்கும் நிலைக்கு வந்து, பிறகு நிலைத்தது. அந்த 18 மாதங்களின் பதிவு இது. குடும்பத்தின் பெயரோ, பங்கேற்ற அமைப்புகளின் பெயர்களோ, ஊரோ இதில் இல்லை. இதுபோன்ற கூட்டுத் திட்டத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே நடத்துபவர்களுக்கும் பயன்படும் அளவுக்கு விவரங்கள் தரப்பட்டுள்ளன.

பின்னணி

குடும்பத்தில் தாய் (34), அவருடைய அம்மா (61), மூன்று பிள்ளைகள். மூத்தவன் 15 வயது, அடுத்தவள் 9, கடைக்குட்டிக்கு 3. பாட்டி இன்சுலின் போட்டுக்கொள்பவர். தாய் மணிக்கணக்கில் கூலி வாங்கும் வேலையில் இருந்தார். வேலை நேரம் குறைக்கப்பட்டதும், கணவர் கடனை வைத்துவிட்டுப் பிரிந்து போனதும் ஒரே பருவத்தில் நடந்தன. நான்கு மாத வாடகை பாக்கி விழுந்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

அதன்பின் 11 மாதங்கள் வீடில்லை. முதல் நான்கு மாதங்கள் இரண்டு உறவினர் வீடுகளில் மாறி மாறி. மீதி ஏழு மாதங்கள் குடும்பங்களுக்கான காப்பகத்தில். அந்தக் காப்பகத்தின் விதிப்படி 14 வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகள் பெண்கள் பகுதியில் தங்கக்கூடாது. அதனால் மூத்தவன் மட்டும் உறவினர் வீட்டிலேயே இருந்துவிட்டான். வீடிழப்பது குடும்பத்தைப் பிரிக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே பிரித்தது வீடிழப்பு மட்டுமல்ல, அடைக்கலம் தந்த இடத்தின் வயது விதியும்தான்.

திட்டத்தில் ஐந்து பங்காளிகள். நகர நலத்துறை வாடகை மானியம் தருகிறது. குடியிருப்பு அறக்கட்டளை ஒன்று தனியார் உரிமையாளர்களிடமிருந்து வீடுகளை எடுத்து நிர்வகிக்கிறது. தொண்டு நிறுவனம் ஒன்று குடும்பப் பணியாளர்களை அனுப்புகிறது. ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளி நிர்வாகமும் மற்ற இருவர். இவர்களோடு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத அக்கம்பக்கத் தன்னார்வக் குழு ஒன்றும் உண்டு. வீட்டுச் சாமான் சேர்ப்பது, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது போன்ற வேலைகள் அவர்களுடையவை.

கூட்டு ஒப்பந்தம் 14 பக்கம். யார் எதைத் தருவார்கள் என்பது அதில் தெளிவாக இருந்தது. யாருக்கு ஒரு செய்தி தெரிந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அப்போது அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை.

சேர்க்கையின்போது தெரிந்தவை

முதல் மூன்று வாரங்களில் தாய் தன் கதையை நான்கு இடங்களில், நான்கு வெவ்வேறு படிவங்களுக்குச் சொன்னார். கேள்விகளில் பெரும்பகுதி ஒன்றேதான். நான்காவது முறை கடன் விவரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். மறைக்கும் எண்ணம் இல்லை, முன்பே சொல்லிவிட்டோமே என்ற சலிப்புதான். ஆனால் நலத்துறையின் படிவத்தில் "கடன் இல்லை" என்று பதிவாகிவிட்டது. பிற்பாடு அந்த ஒரு சொல்லைத் திருத்த மூன்று கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது.

ஆவணங்கள் சேர ஏழு வாரம் ஆனது. கடைசிப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வீடு மாறியபோது தொலைந்திருந்தது. தாயின் அடையாள அட்டை காலாவதியாகியிருந்தது. அட்டையைப் புதுப்பிக்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு அட்டை வேண்டும். காப்பகப் பொறுப்பாளரிடம் தங்கியிருப்பதற்கான கடிதம் வாங்கி, அதையே முகவரிச் சான்றாக ஏற்க வைத்ததும் இந்தச் சிக்கல் அவிழ்ந்தது. அதன்பின் பின்பற்றிய வரிசை: காப்பகக் கடிதம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கடைசியாக வருமானச் சான்று. வருமானச் சான்றைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது 30 நாள்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். முதலிலேயே வாங்கி வைத்தால் மற்றவை கைக்கு வருவதற்குள் செல்லாமல் போய்விடும். இந்தக் குடும்பத்துக்கும் ஒரு முறை அப்படிப் போனது.

இந்த வரிசையில் ஒரு விளைவும் ஒளிந்திருந்தது. எல்லா அலுவலகங்களிலும் குடும்பத்தின் முகவரியாகக் காப்பகத்தின் முகவரி பதிவானது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, இடைக்கால விடுதியா, நிரந்தர வீடா என்பது. இடைக்கால விடுதியில் உடனே இடம் இருந்தது. ஆனால் இரண்டு வருடக் கெடு, கட்டாயப் பயிற்சி வகுப்புகள் என்று நிபந்தனைகள் உண்டு. குழு நிரந்தர வீட்டைத் தேர்ந்தது. வேலை, சிகிச்சை, நடத்தை என்று எதையும் முன்நிபந்தனையாக வைக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்துவிடும் அணுகுமுறை 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டத்தின் வழியே பரவலாக அறியப்பட்டது. பின்லாந்து 2008 முதல் அதையே தேசியக் கொள்கையாக வைத்திருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் தனி ஆட்களுக்கானவை. குடும்பங்களைப் பொறுத்தவரை குழு அதிகம் நம்பியது அமெரிக்க வீட்டுவசதித் துறை நடத்திய ஆய்வைத்தான். 12 இடங்களில், காப்பகங்களிலிருந்த 2,282 குடும்பங்களை 2010 முதல் 2012 வரை அதில் சேர்த்தார்கள். நீண்டகால வாடகை மானியம், குறுகியகால வாடகை உதவி, இடைக்கால விடுதி, வழக்கமான உதவி என்று நான்கு பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நீண்டகால மானியம் பெற்ற குடும்பங்கள் மறுபடி வீடிழப்பது, வழக்கமான உதவி பெற்றவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே குறைந்தது. பிள்ளைகள் பள்ளி மாறுவதும் குறைந்தது. அதே ஆய்வில் மானியம் பெற்றவர்கள் வேலைக்குப் போவது தொடக்கத்தில் சற்றுக் குறைந்ததையும் குழு கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்தத் தாய்க்கு வேலை இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளக் குழந்தைப் பராமரிப்பு தேவை என்பது அதனால்தான் திட்டத்தில் சேர்ந்தது.

இரண்டாவது, எந்த வீடு. பணியாளர்கள் அதே கட்டிடத்தில் இருக்கும் குடியிருப்பில் மூன்று வாரத்தில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் மூத்தவனின் பள்ளிக்கு ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம். ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991-இல் வெளியிட்ட பொதுக் கருத்துரை 4, போதுமான வீடு என்பதற்கு ஏழு கூறுகளைச் சொல்கிறது. குடியிருப்பு உரிமையின் உறுதி, தாங்கக்கூடிய செலவு, வசிக்கத் தகுந்த நிலை ஆகியவற்றோடு இருப்பிடமும் அதில் ஒன்று. வேலை, மருத்துவம், பள்ளி இவற்றுக்கு எட்டாத வீடு போதுமான வீடு ஆகாது. குடும்பம் பள்ளிக்கு அருகில், சாதாரணக் கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடி வீட்டுக்காகக் கூடுதலாக ஏழு வாரம் காத்திருந்தது. மூத்தவன் திரும்பி வருவதற்கு அவன் வைத்த ஒரே நிபந்தனை பள்ளி மாறக்கூடாது என்பது. அதனால் காத்திருந்தது சரியே. ஆனால் பணியாளர் பக்கத்திலேயே இல்லாத வீட்டுக்குத் தகவல் ஓட்டம் இரண்டு மடங்கு வலுவாக இருக்க வேண்டும் என்பதை அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை.

மூன்றாவது, ஒப்பந்தம் யார் பெயரில். பழைய பாக்கி காரணமாக உரிமையாளர் தாயின் பெயரில் எழுத மறுத்தார். அறக்கட்டளையே வீட்டை வாடகைக்கு எடுத்து, குடும்பத்துக்கு உள்வாடகைக்கு விடுவது என்று முடிவானது. 12 மாதம் பாக்கியில்லாமல் போனால் ஒப்பந்தம் தாயின் பெயருக்கு மாறும். உரிமையாளருக்கு வாடகை நிச்சயம், குடும்பத்துக்கு வீடு நிச்சயம். நடுவில் இருக்கும் அறக்கட்டளையிடம்தான் வாடகைப் பேரேடு, புகார்ப் பதிவேடு, பழுதுக் கோரிக்கைகள் மூன்றும் இருக்கும். ஒரு குடும்பம் தடுமாறத் தொடங்கினால் முதலில் தெரிவது இந்த மூன்றில்தான். குடும்பப் பணியாளருக்கு அவற்றைப் பார்க்க வழியே இல்லை.

வாடகையில் குடும்பத்தின் பங்கு மாத வருமானத்தில் 30 சதவீதம். குழந்தைப் பராமரிப்புச் செலவைக் கழித்துவிட்டுத்தான் வருமானம் கணக்கிடப்படும். மீதியை நலத்துறை நேராக அறக்கட்டளைக்குச் செலுத்தும்.

வீட்டைத் தயார் செய்தல்

வீட்டைச் சோதித்தபோது பார்த்தவை: புகை எச்சரிக்கைக் கருவியை அழுத்திப் பார்ப்பது, சன்னல்கள் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காமல் தடுப்பான் வைப்பது, உரியும் பெயின்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் பழைய கட்டிடத்தில் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே சன்னல் சட்டம் இரண்டைச் சுரண்டாமல், ஈரத்துணியால் துடைத்து, மேலே பூசி மூடினார்கள். சுரண்டினால் தூசி கிளம்பும். அந்தத் தூசிதான் ஆபத்து. குழாயில் வெந்நீர் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. 60 டிகிரி நீர் சிறு பிள்ளையின் தோலைச் சில வினாடிகளில் பொசுக்கிவிடும். இந்த வீட்டில் 63 டிகிரி வந்தது, குறைத்து வைத்தார்கள்.

மின்மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வைத்தது தற்செயல் போல நடந்த நல்ல காரியம். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன பாக்கி அந்த மீட்டரில் இருந்தது. அதைக் காட்டி இணைப்பு தர மறுத்தார்கள். படம் இருந்ததால் பாக்கி இவர்களுடையது அல்ல என்று நிறுவ முடிந்தது. ஆனாலும் நான்கு நாள் ஆனது. குடியேறியது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சனி, ஞாயிறு அலுவலகங்கள் இல்லை, செவ்வாய் காலைதான் மின்சாரம் வந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யவில்லை. சுகாதார நிலையம் தன்னிடமே வைத்துக்கொண்டது. கையிலிருந்த, திறந்த குப்பி அறை வெப்பத்தில் தாங்கும் என்பதால் நான்கு நாளும் அதை வைத்துச் சமாளித்தார்கள்.

மெத்தைகள் ஐந்தும் புதியவை. சோபா, அலமாரி பழையவையாக இருக்கலாம்; மெத்தை மட்டும் பழையதாக இருக்கக்கூடாது என்பதில் அறக்கட்டளை கண்டிப்பாக இருந்தது. மூட்டைப்பூச்சி ஒரு வீட்டில் புகுந்தால் கட்டிடம் முழுக்கப் பரவும், பழி புதிதாக வந்தவர்கள் தலையில் விழும். காப்பகத்திலிருந்து வந்த துணிகள் அனைத்தும் சூடான உலர்த்தியில் குறைந்தது 30 நிமிடம் ஓடிய பிறகே வீட்டுக்குள் போயின. இதைக் குடியேறிய அன்று வாசலில் வைத்துச் செய்திருந்தால் அவமானமாக இருந்திருக்கும். முந்தின நாள் காப்பகத்திலேயே முடித்துவிட்டார்கள்.

தன்னார்வக் குழுவின் சாமான் பட்டியலில் விட்டுப்போனவை: மின்விளக்குகள், திரைச்சீலை, மூன்றாவது சாவி. இரண்டு சாவியே தயாராக இருந்தது. மூத்தவன் தனக்கென்று ஒரு சாவி இல்லாமல் முதல் வாரம் பாட்டிக்காகக் காத்து வெளியே நின்றான். ஏழு மாதம் குடும்பத்தை விட்டு விலகி இருந்த பையனுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

முதல் மூன்று மாதங்கள்

வருகைகளின் அளவு, இடமாற்றக் காலத்துக்கென 1990-களில் நியூயார்க்கில் உருவான ஒன்பது மாத ஆதரவு முறையை ஒட்டி அமைந்தது. மூன்று மாதம் நெருக்கமாக, அடுத்த மூன்று மாதம் குடும்பமே முயன்று பார்க்கும்படி சற்றுத் தள்ளி நின்று, கடைசி மூன்று மாதம் கைமாற்றிவிட்டு விலகுவது. முதல் மாதம் வாரம் இரண்டு வருகை, பிறகு வாரம் ஒன்று, நான்காம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று.

கடைக்குட்டி இரவில் எழுந்து ஓடினான். காப்பகத்தில் விளக்கு முழுக்க அணைந்ததே இல்லை; இருட்டு அவனுக்குப் புதிது. கீழ்வீட்டிலிருந்து ஆறாம் வாரமும் பதினோராம் வாரமும் சத்தம் குறித்துப் புகார் வந்தது. புகார்கள் அறக்கட்டளையின் பதிவேட்டில் ஏறின. கதவில் அறிவிப்புச் சீட்டு ஒட்டினார்கள். குடும்பப் பணியாளருக்கு இரண்டாவது சீட்டைக் கதவில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தரைவிரிப்பு, நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு, ஒரு சிறு இரவு விளக்கு, படுக்கையைச் சுவர் மாற்றிப் போட்டது. இவ்வளவுதான் தீர்வு, சத்தம் அடங்கியது. ஐந்து வாரம் முன்பே அடங்கியிருக்கலாம்.

மூத்தவன் பாட்டியோடு ஒரே அறையில் இருந்தான். இருவருக்கும் உரசல். பள்ளி ஆலோசகர் வாரம் ஒருமுறை அவனோடு பேசினார். கூட்டமைப்பில் எந்தக் குறையும் இல்லாமல் நடந்த பகுதி இது ஒன்றே. காரணம், பேச வேண்டியவர் ஒரே ஒருவர், அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான்காம், ஐந்தாம் மாதங்கள்: பாக்கி

ஒன்பதாம் வாரத்தில் தாயின் வேலை நேரம் கூடியது. விதிப்படி பத்து நாளுக்குள் நலத்துறைக்குத் தெரிவித்தார். துறை மறுகணக்குப் போட ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. போட்ட கணக்கிலும் இரண்டு பிழைகள். இரண்டு வாரம் மட்டும் கிடைத்த கூடுதல் நேரக் கூலியை நிரந்தர வருமானமாக எடுத்துக்கொண்டார்கள். குழந்தைப் பராமரிப்புக் கழிவை விட்டுவிட்டார்கள். அவருடைய பங்கு ஏறக்குறைய இரட்டிப்பானது, அதுவும் முன்தேதியிட்டு. இதைச் சொல்லும் கடிதம் காப்பக முகவரிக்குப் போனது.

தாய் நான்காம் மாதமும் ஐந்தாம் மாதமும் முதல் தேதியிலேயே பழைய தொகையைச் செலுத்தினார். அவர் கணக்கில் பாக்கி ஏதும் இல்லை. அறக்கட்டளையின் பேரேட்டில் நான்காம் மாதம் ஐந்தாம் தேதியே குறைவு பதிவானது. கணினி தானாக அச்சிட்ட நினைவூட்டல்கள் வீட்டுக்குப் போயின. அவற்றில் தொகை மட்டும் இருந்தது, காரணம் இல்லை. முதல் இரண்டைப் படித்த தாய், பழையபடியே நடக்கப் போகிறது என்று அஞ்சி, அதன்பின் வந்தவற்றைப் பிரிக்கவில்லை. உறைகளை ஒரு பையில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

நான்காம் மாத இறுதியில் குடும்பப் பணியாளர் வேலையை விட்டுப் போனார். ஒருவருக்கு 12 குடும்பம் என்று ஒப்பந்தம் சொன்னது. அவர் கையில் இருந்தது 17. புதியவர் வர மூன்று வாரம். இடையில் அவசரத் தொலைபேசி எண் மட்டும். ஒப்படைப்புக் குறிப்பில் குடும்பம் "நிலையாக உள்ளது" என்று எழுதியிருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டவை பள்ளி, மருந்து, குழந்தைகள். அவை நிலையாகத்தான் இருந்தன.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் இன்னார் என்று வடம் பிடிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கே வடம் பிடிக்க ஆறு தரப்பு இருந்தது, கட்டை யார் கையிலும் இல்லை.

பையைக் கண்டுபிடித்தவர் பணியாளர் அல்லர். பாட்டியைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வந்த தன்னார்வலர், மருந்துச் சீட்டைத் தேடும்போது உறைகளைப் பார்த்தார். பதினொன்று இருந்தன. தகவல் பகிர்வு ஒப்புதல் படிவத்தில் தன்னார்வக் குழுவின் பெயர் இல்லாததால் அவர் நேராக அலுவலகத்துக்குச் சொல்ல முடியாது. அவர் செய்தது அதைவிடச் சரியான வேலை. "வாங்கம்மா, நீங்களே போன் பண்ணுங்க, நான் பக்கத்தில உட்கார்ந்திருக்கேன்" என்றார். தாய் அழைத்தார். பேரேட்டில் முதல் குறைவு விழுந்து அன்றோடு 52 நாள். மூன்றாம் மாதம் முழுவதற்கும் முன்தேதியிட்ட பாக்கி, நான்காம், ஐந்தாம் மாதக் குறைவு எல்லாம் சேர்ந்து ஒரு மாத முழு வாடகையைத் தாண்டியிருந்தது. அறக்கட்டளையின் சட்ட அறிவிப்பு எட்டு நாளில் கிளம்ப வேண்டியது.

சரிசெய்த விதம்

இரண்டு நாளில் கூட்டம் நடந்தது. நலத்துறை, அறக்கட்டளை, புதிய குடும்பப் பணியாளர், தாய். இடம் சுகாதார நிலையத்தின் ஓர் அறை. அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்தால் விசாரணை போல இருக்கும் என்பதால் தாய் கேட்டுக்கொண்டபடி மாற்றினார்கள். முதல் வேலையாக உறைகளைத் தேதி வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் கணக்குப் பிழை தெரிந்துவிட்டது.

பாக்கியில் மூன்றில் இரண்டு பங்கு நலத்துறையின் பிழையால் வந்தது. அதைத் துறை முன்தேதியிட்டுத் திருத்தி அறக்கட்டளைக்குச் செலுத்தியது. மீதி ஒரு பங்கு உண்மையிலேயே குடும்பத்தின் கடமை. அதைத் திட்டத்தின் அவசர நிதியிலிருந்து கட்டிவிடலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. தாய் மறுத்தார். எட்டுத் தவணையில் தானே கட்டுவதாகச் சொன்னார். தவணை வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்போடு ஏற்றுக்கொண்டார்கள். வரம்பு முக்கியம். பாக்கியைத் தீர்க்கப் போட்ட தவணையே அடுத்த பாக்கிக்கு விதையாவது இத்தகைய திட்டங்களில் அடிக்கடி நடப்பதுதான். அவசர நிதி, கவனிக்காமல் விட்ட மின்கட்டணத்துக்குப் பயன்பட்டது.

அதே கூட்டத்தில் புதிய நடைமுறை ஒன்றும் எழுதப்பட்டது. வாடகை ஐந்து நாள் தாமதமானாலோ, ஒரு சிறு தொகை குறைந்தாலோ, அறக்கட்டளையின் கணக்கர் அன்றே குடும்பப் பணியாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பணியாளர் 48 மணி நேரத்துக்குள் குடும்பத்தோடு பேச வேண்டும், கடிதம் போதாது. பதினைந்தாம் நாள் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும். நான்கு தரப்பும் கூடிப் பேசாமல் சட்ட அறிவிப்பு கிளம்பக்கூடாது. பணியாளர் இடம் காலியாக இருந்தால் செய்தி அவருடைய மேலாளருக்குப் போகும். புகார்களுக்கும் பழுதுக் கோரிக்கைகளுக்கும் இதே வழி. எதற்காகத் தாமதம் என்ற விவரம் பகிரத் தேவையில்லை. தேதியும் தொகையும் போதும். தாயின் ஒப்புதலோடு படிவம் திருத்தப்பட்டது. தன்னார்வக் குழு அதில் சேர்க்கப்படவில்லை, அதுவும் தாயின் விருப்பம். அக்கம்பக்கத்தார் தன் கணக்கைத் தெரிந்துகொள்வதை அவர் விரும்பவில்லை.

இதனால் அறக்கட்டளைக்கு ஆன கூடுதல் வேலை, கணக்கருக்கு வாரம் ஒருமுறை ஒரு பட்டியலை ஓடவிட்டுப் பார்ப்பது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

18ஆம் மாத நிலை

குடும்பம் அதே வீட்டில் இருக்கிறது. தவணைகள் பதின்மூன்றாம் மாதம் முடிந்தன. ஒப்பந்தம் பதினான்காம் மாதம் தாயின் பெயருக்கு மாறியது, திட்டமிட்டதைவிட இரண்டு மாதம் தாமதம். ஏழாம் மாதத்துக்குப் பிறகு புதிய நடைமுறை மூன்று முறை எச்சரிக்கை தந்தது. இரண்டு முறை சம்பளத் தேதி மாறியதால் வந்த தாமதம், ஒரு முறை மறுபடியும் மறுகணக்குக் குழப்பம். மூன்றும் ஆறு நாளுக்குள் தீர்ந்தன.

ஒன்பது வயதுக்காரி இரண்டு கல்வியாண்டும் ஒரே பள்ளியில். பாட்டி ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தார், காரணம் வீட்டோடு தொடர்பில்லாதது. மூத்தவன் பதினோராம் மாதத்திலிருந்து வார நாள்களில் மறுபடி உறவினர் வீட்டில் தங்குகிறான். தானே கேட்டுப் போனான், வார இறுதியில் வருகிறான். இதைத் தோல்வி என்று எழுதுவதா, பதினாறு வயதுப் பையனின் தேர்வு என்று எழுதுவதா என்பதில் குழுவுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஓர் அறை கூடுதலாக இருந்திருந்தால் அவன் போயிருக்க மாட்டான் என்று பாட்டி சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டைத் தேர்ந்தபோது தூரத்தை அளந்த குழு அறைகளை எண்ணவில்லை.

மறுபடி செய்வதானால்

கூட்டு ஒப்பந்தத்தின் முதல் பக்கம் தகவல் பக்கமாக இருக்கும். எந்தச் செய்தி, யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை நாளில், அவர் இல்லாவிட்டால் யாருக்கு. மற்ற பக்கங்கள் அதற்குப் பின்னால் வரலாம்.

சேர்க்கைக்கு ஒரே படிவம். குடும்பப் பணியாளர் ஒருமுறை கேட்டு நிரப்புவார், தாய் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பிரதி மற்ற தரப்புகளுக்குப் போகும். தங்களுக்கு மட்டும் தேவையான கேள்விகளை அவர்கள் தனித்தாளில் கேட்கலாம்.

சாவி கொடுக்கும் நாளன்றே எல்லா அலுவலகங்களிலும் முகவரி மாற்றம். இதைக் குடும்பத்தின் பொறுப்பாக விடக்கூடாது. முகவரி பதிவான இடங்களின் பட்டியல் பணியாளரிடம்தான் இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒன்பது இடங்கள் இருந்தன.

குடியேறுவது திங்கள் அல்லது செவ்வாய். மின்சாரம் வந்துவிட்டதைப் பணியாளர் தானே விளக்கைப் போட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகே வாகனத்துக்குச் சொல்வது. குடும்பத்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி.

பணியாளர் மாறும்போது இருவரும் சேர்ந்து குறைந்தது இரண்டு முறையாவது வீட்டுக்குப் போக வேண்டும். ஆள் போன பிறகு ஆள் தேடினால் இது நடக்காது. அதனால் ஒப்படைப்புக் குறிப்போடு அன்றைய தேதியிட்ட பேரேட்டுப் பிரதியைக் கட்டாயம் இணைப்பது என்ற விதி ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டது.

மறுகணக்கு வரும்வரை பழைய பங்கையே பேரேட்டில் வைத்திருப்பது, முன்தேதியிட்ட தொகையைத் தனி வரியில் காட்டுவது என்ற கோரிக்கையை நலத்துறை இன்னும் ஏற்கவில்லை. மென்பொருள் அனுமதிக்கவில்லை என்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு மறுகணக்குக் கடிதத்தின் பிரதியும் குடும்பப் பணியாளருக்கும் போகிறது.

பதினெட்டாம் மாத ஆய்வில் வருகைகளை மாதம் ஒன்றாகக் குறைத்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் அவையும் நின்றுவிடலாம். ஒப்பந்தம் இப்போது தாயின் பெயரில், உரிமையாளரோடு நேரடியாக. ஐந்தாம் நாள் செய்தியை அனுப்பக் கணக்கர் இனி நடுவில் இல்லை. உரிமையாளரே அதை அனுப்ப ஒப்புக்கொள்வாரா என்று தாய் கேட்டுப் பார்த்தார். கட்டிடத்தில் உள்ள மற்ற குடித்தனக்காரர்களுக்கும் சேர்த்து அனுப்புவதானால் சரி என்றார் உரிமையாளர். முதல் செய்தி போனது மூன்றாம் மாடிக்கு.